லண்டன் வேலைக்குப் போகவா, வீட்டோடு இருக்கவா?

உட்லண்ட்ஸிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். சிங்கப்பூர்க் குடிமகள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் முடித்து மூன்று மாதம் ஆகிறது. நாலறை வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, தேசிய சேவையில் இருக்கும் தம்பி. அப்பாவுக்கு வயது 57, பேருந்து ஓட்டுகிறார். மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தைத் தன் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்துதான் (மசேநிதி) கட்டினார். வட்டியோடு இன்னும் 30,000 வெள்ளி திருப்பிச் செலுத்த வேண்டும்.

இப்போது கையில் இரண்டு வேலை. இங்கே மாதம் 4,300 வெள்ளி. லண்டனில் ஆண்டுக்கு 36,000 பவுண்டு, மூன்றாண்டு விசாவுக்கு நிறுவனமே பொறுப்பு. இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அம்மா சரியாகப் பேசுவதில்லை. "கல்யாணத்தை முடித்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போ" என்பது அவர் கட்சி. மூன்று வருடமாகப் பழகும் நண்பர், "பிடிஓ வீட்டுக்குப் பதிந்துவிட்டுப் போ" என்கிறார். பிடிஓ என்பது கட்டி முடிக்கும் முன்பே பதிந்துகொள்ளும் அரசாங்க அடுக்குமாடி வீடு. கடிதம் இப்படி முடிகிறது: "அக்கா, இப்போது விட்டால் இந்த வாய்ப்பு இனி வராது. போனால் நான் சுயநலக்காரியா?"

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்கு பக்கம். அம்மாவின் அழுகைக்கு ஒன்றரைப் பக்கம், அப்பாவின் கடனுக்கு ஒரு பக்கம், நண்பருக்கும் சொந்தக்காரர்கள் பேச்சுக்கும் மீதி. வேலையைப் பற்றி, "வெள்ளத் தடுப்புப் பிரிவில் இளநிலைப் பொறியாளர்" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஊரைப் பற்றியும் உறவைப் பற்றியும் இவ்வளவு யோசித்த நீங்கள், காலை ஒன்பது மணிக்கு அந்த மேசையில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று இன்னும் யோசிக்கவில்லை. முதல் வேலையில் நாம் சம்பாதிப்பதைவிடக் கற்றுக்கொள்வதுதான் பின்னால் நின்று பேசும். அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லாமல், என் வரிசையில் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பயத்தை முதலில் எடுத்துப் போட்டுவிடுகிறேன். அரசாங்கக் கல்விக் கட்டண மானியம் வாங்கியதால் இங்கே மூன்றாண்டு வேலை பார்த்தாக வேண்டும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மூன்றாண்டுக் கட்டாயம் மானியம் பெற்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு உண்டு. மருத்துவம், பல் மருத்துவம் படித்தவர்களுக்குத் தனிக் கட்டாயம் உண்டு. மற்றக் குடிமக்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. தனியாக உபகாரச் சம்பளம் வாங்கி அதற்கு ஒப்பந்தம் எழுதியிருந்தால்தான் வேறு கதை. உங்களுக்கு அது இல்லை.

5,100 வெள்ளி என்ற கணக்கு

36,000 பவுண்டை, ஒரு பவுண்டுக்கு 1.70 வெள்ளி என்று பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து, மாதம் 5,100 வெள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கிடைப்பதைவிட 800 வெள்ளி கூடுதல் என்று ஒரு கோடும் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கைத்தான் எல்லாரும் போடுகிறார்கள், அதனால் வருத்தப்பட வேண்டாம். சரி, கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

பிரிட்டனில் முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் உங்கள் வருமானத்துக்கு 20 விழுக்காடு வருமான வரி, 8 விழுக்காடு தேசியக் காப்புறுதி. ஓய்வூதிய நிதிக்கும் ஒரு பங்கு பிடிப்பார்கள். கைக்கு வருவது மாதம் சுமார் 2,350 பவுண்டு, அதாவது 4,000 வெள்ளி. அதிலிருந்து பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே ஆயிரம் பவுண்டு வரை போய்விடும். அப்புறம் ரயில், சாப்பாடு, குளிர்கால வெப்பமூட்டிக் கட்டணம், கவுன்சில் வரி என்று வரிசையாக வரும். மாதக் கடைசியில் ஐந்நூறு பவுண்டு மிஞ்சினால் நன்றாகக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

இங்கே 4,300 வெள்ளியில் உங்கள் மசேநிதிச் சந்தா 20 விழுக்காடு போக, 3,440 கையில் வரும். உங்கள் 860 வெள்ளியோடு முதலாளி போடும் 17 விழுக்காடு, 731 வெள்ளி, சேர்ந்து மாதம் 1,591 வெள்ளி உங்கள் கணக்கில் ஏறும். இரண்டு வருடத்தில் 38,000 வெள்ளிக்கு மேல். வருமான வரி ஆண்டுக்கு அறுநூறு வெள்ளிக்குள் அடங்கிவிடும். வாடகை இல்லை, அம்மா சமையல்.

ஆக, பணத்துக்காக லண்டன் போகிறேன் என்றால் அந்தக் காரணம் நிற்காது. வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். "போனால் மசேநிதியே போய்விடும்" என்ற அப்பாவின் பயமும் அப்படியே சரியல்ல. வெளிநாட்டு நிறுவனத்தில் வெளிநாட்டில் வேலை பார்க்கும்போது கட்டாயச் சந்தா நின்றுவிடும், அவ்வளவுதான். இருக்கும் பணத்துக்கு வட்டி தொடர்ந்து ஏறும், விரும்பினால் நீங்களே சேர்க்கலாம். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் தொடரும், அதன் சந்தாவும் தொடரும். ஆனால் அது சிங்கப்பூரில் பார்க்கும் வைத்தியத்துக்கானது.

அப்பாவின் கடனைப் பற்றி: கடனை முடிக்காமல் கிளம்ப முடியாது என்று எந்த விதியும் இல்லை. மசேநிதிக் கல்விக் கடனைப் படிப்பு முடிந்து ஓராண்டில் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், ரொக்கமாக, அதிகபட்சம் 12 ஆண்டுக்குள். 30,000 வெள்ளிக்கு 2.5 விழுக்காடு வட்டியில் மாதம் 240 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். லண்டனில் இருந்தும் கட்டக்கூடிய தொகைதான். ஆனால் அது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம், அவருக்கோ 57 வயது. எந்த ஊருக்குப் போனாலும் உங்கள் சம்பளத்திலிருந்து வெளியே போகும் முதல் தொகை இதுவாக இருக்கட்டும். கிளம்பும் முன்பே, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் கைரோ ஏற்பாட்டைச் செய்து, அந்தக் கணக்கில் ஆறு மாதத் தவணையைப் போட்டு வையுங்கள். அப்பா வாய்திறந்து கேட்க மாட்டார். அதனால்தான் சொல்கிறேன்.

விசா யார் கையில்?

"வேலை பிடிக்கவில்லை என்றால் அங்கேயே வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. உங்களுக்குக் கிடைக்கப் போவது நிறுவனம் பொறுப்பேற்கும் ஸ்கில்டு வொர்க்கர் விசா. புதிய நிறுவனமும் பொறுப்பேற்க உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும், புதிதாக விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகுதான் அங்கே வேலை தொடங்கலாம். வேலை போய்விட்டால் நிறுவனம் உள்துறைக்குத் தெரிவித்துவிடும். அங்கிருந்து கடிதம் வந்த பிறகு பொதுவாக 60 நாள். அதற்குள் வேறு நிறுவனம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். இங்கே எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு நண்பர்களின் நெஞ்சில் இருக்கும் படபடப்பு, அங்கே உங்கள் நெஞ்சுக்கு வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், வெளிநாட்டு வேலையை ஏழே மாதத்தில் விட்டு வந்த ஒரு தம்பி என் அறையில் உட்கார்ந்திருந்தார். வேலை நியமனக் கடிதம் எங்கே என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தேடி, ஒரு படத்தைக் காட்டினார். முதல் பக்கம் மட்டும். சம்பளம் இருந்த பக்கம். கீழே பெரியம்மா முதல் மாமா பிள்ளை வரை வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். மீதிப் பக்கங்களை மின்னஞ்சலில் தேடிக் கண்டுபிடித்தோம். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: இரண்டு ஆண்டுக்குள் விலகினால் விசாச் செலவு, விமானச் சீட்டு, முதல் மாதத் தங்குமிடச் செலவு அத்தனையும் திருப்பித் தர வேண்டும். அவர் அந்த வரியை அன்றுதான் முதல்முறையாகப் படித்தார். படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் நியமனக் கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் படியுங்கள். பிரிட்டனின் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மூன்றாண்டுக்கு 3,105 பவுண்டை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும், விசாக் கட்டணம் தனி. இதை யார் கட்டுகிறார்கள்? இடையில் விலகினால் உங்களிடம் வசூலிப்பார்களா? தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? அதற்குள் அவர்கள் உங்களை நிறுத்தினாலும் பணம் கேட்பார்களா? இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். நல்ல நிறுவனம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

அந்த ஒரு வரி வேலை

வெள்ளத் தடுப்பு உங்களுக்குப் பிடித்த துறை என்று ஊகிக்கிறேன். லண்டன் அதற்கு அருமையான பள்ளிக்கூடம்தான். தேம்ஸ் தடுப்பணை 1982லிருந்து அந்த நகரத்தைக் கடல் ஏற்றத்திலிருந்து காத்து வருகிறது. 25 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேம்ஸை ஒட்டித் தோண்டிய கழிவுநீர்ச் சுரங்கம் 2025ல் முழுதாக இயங்கத் தொடங்கியது. ஆனால் உங்கள் துறைக்கு இங்கே வேலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மரினா அணைக்கட்டு 2008ல் திறந்தது. 2020 ஏப்ரலிலிருந்து கடலோரப் பாதுகாப்பைப் பொதுப் பயனீட்டுக் கழகமே கையில் எடுத்திருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டர் 'நீண்ட தீவு' திட்டம் ஆய்வில் இருக்கிறது. உங்கள் வயதுப் பொறியாளருக்கு ஓய்வு பெறும்வரை போதும் போதும் என்கிற அளவுக்கு இந்தத் தீவில் கடல் வேலை இருக்கிறது.

ஆகவே இரண்டு நிறுவனத்திடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். முதல் ஆண்டில் எந்தத் திட்டத்தில் இருப்பேன்? என் வரைபடத்தையும் கணக்கையும் யார் பார்த்துத் திருத்துவார்? கட்டுமான இடத்துக்குப் போவேனா, கணினி முன்னாலேயே இருப்பேனா? லண்டன் நிறுவனத்திடம் இன்னும் ஒன்று: சார்ட்டர்டு எஞ்சினியர் என்ற அங்கீகாரம் பெற்ற பொறியாளர் தகுதிக்கு, இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் எஞ்சினியர்ஸ் அங்கீகரித்த பயிற்சித் திட்டம் உங்களிடம் இருக்கிறதா? அப்படியே இங்குள்ள நிபுணத்துவப் பொறியாளர் வாரியத்துக்கும் எழுதி, வெளிநாட்டு அனுபவத்தை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். திரும்பி வரும் நாளில் அது உதவும்.

முடிந்தால், அந்தப் பிரிவில் இரண்டு ஆண்டு முடித்த ஒருவரோடு இருபது நிமிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மேலாளர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

"இப்போது விட்டால் இனி வராது"

இந்த எண்ணத்தைத்தான் நான் மாற்றப் பார்க்கிறேன், ஏனென்றால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். பிரிட்டனில் 2022 மே மாதம் ஹை பொட்டென்ஷியல் இன்டிவிஜுவல் என்றொரு விசா வந்தது. அவர்கள் வெளியிடும் உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள ஒன்றில் பட்டம் பெற்றவர்கள், பட்டம் கிடைத்து ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். வேலை கையில் இருக்க வேண்டியதில்லை, எந்த நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. இளங்கலைப் பட்டதாரிக்கு இரண்டாண்டு கிடைக்கும். நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தப் பட்டியல்களில் வந்திருக்கிறது. நீங்கள் பட்டம் பெற்ற ஆண்டின் பட்டியலை அரசாங்க இணையத்தளத்திலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதில் குறையும் உண்டு. நீட்டிக்க முடியாது, நிரந்தரவாசத்துக்கு அந்த இரண்டாண்டு சேராது. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் வேலை பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளும் சுதந்திரம் அதில் இருக்கிறது. இங்கே இரண்டு வருடம் வேலை பார்த்து, அப்பாவின் கடனில் பாதியை அடைத்து, கையில் அனுபவத்தோடு 26 வயதில் போகிறவருக்கு அங்கே மரியாதையும் கூடும், சம்பளமும் கூடும். கதவு இந்த இரண்டு வாரத்தோடு மூடிவிடாது.

வீடு

நீங்கள் சுயநலக்காரி இல்லை. இதை நான் வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஞாயிற்றுக்கிழமை தோறும் பாட்டியின் மாத்திரைப் பெட்டியை நீங்கள்தான் நிரப்புகிறீர்கள். பலதுறை மருந்தகச் சீட்டில் ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்து, மூடியில் பச்சை மையால் 'காலை', 'இரவு' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். இதைச் செய்கிற பெண்ணை யாரும் சுயநலக்காரி என்று சொல்ல முடியாது.

அம்மாவின் அழுகைக்கும் இதுதான் காரணமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணம் என்று வாய் சொன்னாலும், உள்ளே ஓடுவது 'இவள் போனால் இந்த வீட்டில் சீட்டை யார் படிப்பது, மருத்துவரிடம் யார் பேசுவது' என்ற பயமாக இருக்கலாம். கல்யாணப் பேச்சில் பதில் சொல்லிச் சண்டை போடாதீர்கள். "அம்மா, நான் இல்லாத ஒரு வாரத்தில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கும்?" என்று உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதுங்கள். பாதி வேலை தம்பியால் முடியும். மீதிக்குச் சித்தியோ பக்கத்து வீட்டாரோ இருப்பார்கள். யாராலும் முடியாதது என்று இரண்டு மூன்று மிஞ்சினால், அதைத்தான் நீங்கள் உண்மையாக எடைபோட வேண்டும்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். நீங்கள் ஆறு மணிக்கு வேலை முடித்து வெளியே வரும்போது இங்கே அதிகாலை இரண்டு மணி. அம்மாவோடு பேச வேண்டுமென்றால் உங்கள் மதியச் சாப்பாட்டு நேரம்தான், இங்கே இரவு ஒன்பது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வருடம் முழுக்க ஏழு மணிக்கு அஸ்தமனம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இருட்டு முதல் வருடம் நெஞ்சை அழுத்தும். மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது, ஈஸ்ட் ஹாமில் தோசை கிடைக்கும், அதெல்லாம் உண்மை. அங்கே சட்டப்படி ஆண்டு விடுப்பு பொது விடுமுறையோடு சேர்த்து 28 நாள். இங்கே முதல் வருடத்துக்குச் சட்டம் தருவது பொது விடுமுறை போக ஏழு நாள்தான். தீபாவளிக்கு வீடு வர அந்த விடுப்பு உதவும்.

பிடிஓ விஷயத்தில் உங்கள் நண்பரிடம் மென்மையாக, ஆனால் தெளிவாகப் பேசுங்கள். நீங்கள் போனால் மானியமே கிடைக்காது என்று அவர் நினைக்கிறார். வருமானத்தைப் பொறுத்த வீட்டு மானியத்துக்கு, இருவரில் ஒருவர் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால் போதும். கணக்குப் பார்க்கும்போது இருவர் வருமானத்தையும் சேர்ப்பார்கள், அதையும் மனத்தில் வையுங்கள். ஆனால் அவசரமாகப் பதிந்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தோடு குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போய்விடும். ஐந்து லட்சம் வெள்ளி வீட்டுக்கு 25,000 வெள்ளி. சாவி வாங்கிய பின், வீட்டின் வகையைப் பொறுத்து ஐந்தாண்டோ பத்தாண்டோ அங்கேயே குடியிருக்கவும் வேண்டும். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஓர் அடமானமாக வீடு பதியாதீர்கள். மூன்று வருடத்தில் எந்த ஊரில் சேர்ந்து வாழப்போகிறோம் என்பதற்கு இருவரிடமும் ஒரே பதில் இருந்தால் பதியலாம்.

என் கருத்து என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். லண்டன் நிறுவனத்தில் நல்ல மேற்பார்வையாளரும் அங்கீகரித்த பயிற்சித் திட்டமும் இருந்து, விலகினால் பணம் கேட்கும் விதியும் உங்கள் சக்திக்குள் இருந்தால், போய் வாருங்கள். அம்மாவின் கோபம் ஆறும். இந்த மூன்றில் எதற்காவது எழுத்தில் பதில் வரவில்லை என்றால் இங்குள்ள வேலையை ஏற்றுக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து மறுபடி பாருங்கள். போவதென்று முடிவானால், ஆறு மாதச் செலவுக்கான பணம் இல்லாமல் கிளம்பாதீர்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். இங்கிலாந்தில் வாடகை முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, வாங்கியதை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும்.

இன்றே இரண்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் வரத் தாமதமானால் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அப்புறம், இந்த வாரம் தம்பி முகாமிலிருந்து வீட்டுக்கு வரும்போது, ஞாயிற்றுக்கிழமை மாத்திரைப் பெட்டியை அவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா